மாரி தொடங்கிவிட்டது: அம்மாவின் நடை இந்த முறையும் நின்றுவிடக் கூடாது

உப்புவெளி மகள் · ஒக்டோபர் 24, இரவு

எல்லோருக்கும் வணக்கம். இஞ்ச திருகோணமலையில நேற்று இரவிலிருந்து மழை விடாமல் கொட்டுது. எனக்கு இப்பவே பயம் பிடிச்சிட்டு, அதுதான் எழுதுறன்.

அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் இருக்கு, சீனி வருத்தமும் இருக்கு, இரண்டுக்கும் குளிசை எடுக்கிறா. போன வருஷம் புரட்டாதி வரைக்கும் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கடற்கரை வரை நடப்பா. திரும்பி வரும்போது சந்திக் கடையில பாண் வாங்கிக்கொண்டு வருவா. ஐப்பசியில மழை தொடங்க, நான்தான் மறிச்சன். "வழுக்கும் அம்மா, தடிமன் பிடிக்கும், வீட்டில இருங்கோ" என்று சொல்லிச் சொல்லி இருத்தி வைச்சன். அவவும் இருந்தா. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று நாலு மாசம் ரீவிக்கு முன்னால கதிரை.

மாசியில வெயில் திரும்பினதும் "வாங்கோ அம்மா, போவம்" என்று கூப்பிட்டன். கேற் வரைக்கும் வந்தவ அப்படியே நின்றிட்டா. "கால் என்ர சொல்லைக் கேக்குதில்ல பிள்ளை" என்று சொன்னா. அன்றைக்குப் பின்னேரம்தான் ஹோல் சுவரைக் கவனிச்சன். கதிரையிலிருந்து பாத்ரூம் வாசல் வரைக்கும், இடுப்பளவு உயரத்தில, கை பட்டுப் பட்டு ஒரு மங்கல் கோடு. நாலு மாசமாச் சுவரைப் பிடிச்சுத்தான் நடந்திருக்கிறா. அதே வீட்டில இருந்தும் நான் காணேல்ல.

பிறகு சித்திரை, வைகாசி முழுக்கக் கூட்டிக்கொண்டு நடந்து, ஆடி மாதத்திலதான் சந்தி வரைக்கும் போய் வரத் தொடங்கினா. இப்ப திரும்பவும் மாரி வந்திட்டு. இன்னொரு முறை அந்த இடத்துக்குப் போனால் திரும்பி வருவாவா என்று எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில வயசுபோனவர்களை எப்படி நடக்க வைக்கிறீங்கள்? உங்கட வீட்டில உண்மையாகச் செய்து பார்த்ததைச் சொல்லுங்கோ.

கோட்டை வாசல் 77 · ஒக்டோபர் 25, காலை

மகள், உங்கள் அம்மாவின் கட்சிக்காரன் நான். எனக்கும் 77 ஆகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியன். வெயில் காலத்தில் பிரெட்றிக் கோட்டை வாசலால் ஏறி, மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோவில் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். மழை தொடங்கினால் அந்த ஏற்றத்தை விட்டுவிடுவேன். ஏறும்போது பிரச்சினை இல்லை. ஈரத்தில் இறங்கும்போதுதான் கால் முந்திப் போய்விடும்.

ஆனால் நடையை விடுவதில்லை, இடத்தை மாற்றிக்கொள்வேன். நமது நகரம் இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிறது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. டச்பே கடற்கரைப் பக்கம் போனால் நேரே முகத்தில் அடிக்கும். குடை வாழைப்பூப்போல விரிந்துவிடும். அதே நேரம் உட்துறைமுக வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள், முழு நகரமும் உங்களுக்கு முதுகுக்குப் பின்னால் நின்று காற்றை மறைக்கும். பாதை மட்டம். களைத்தால் குந்தி இருக்கவும் இடம் உண்டு.

இன்னொன்று. வெயில் காலத்தில் நடைக்கு ஒரு நேரம் இருக்கிறது. மாரியில் அப்படி நேரம் குறிக்க முடியாது, மழை விடும் இடைவெளிதான் நேரம். அது காலை 7 மணிக்கும் வரும், பகல் 11 மணிக்கும் வரும். என் சப்பாத்து, மழைக்கோட்டு, ஊன்றுகோல் மூன்றும் வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மழை விட்டு, ஓட்டுத் தாழ்வாரத்தில் சொட்டுகிற சத்தம் குறைந்ததும் கிளம்பிவிடுவேன். 15 நிமிடம் கிடைத்தாலும் போதும். தேடத் தொடங்கினால் அந்த இடைவெளி போய்விடும்.

பாலையூற்று அண்ணன் · ஒக்டோபர் 25, மதியம்

ஐயா, உங்களில் மரியாதை இருக்கு. ஆனால் நான் வேறு மாதிரித்தான் சொல்லுவன்.

எங்கட அப்பாவும் உங்களைப்போலத்தான், ஒரு நாளும் வீட்டில இருக்க மாட்டார். நாலு வருஷத்துக்கு முன்னம் ஒரு கார்த்திகைச் செவ்வாய். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான். கோவிலுக்குப் போய், கால் கழுவிற இடத்திலயிருந்து பாசி பிடிச்ச படியில ஏறேக்க வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிஞ்சது. ஒப்பரேசன் செய்தது, தகடு வைச்சது, வீட்டுக்கும் வந்தார். ஆனால் நடக்கேல்ல. பத்து மாசம் படுக்கையில கிடந்து போய்ச் சேர்ந்தார்.

நாலு மாசம் வீட்டில இருந்தால் கால் பலவீனமாகும், ஒத்துக்கொள்ளுறன். விழுந்தால் ஆளே இல்லை. தங்கச்சி, அம்மாவைப் பத்திரமா வீட்டில வைச்சிருங்கோ.

பிசியோ தம்பி · ஒக்டோபர் 25, இரவு 10 மணி

பாலையூற்று அண்ணா, அப்பாவுக்கு நடந்ததை வாசிக்க நெஞ்சு கனக்குது. நான் பிசியோதெரபி வேலை செய்யிறவன். மார்கழி, தை மாசங்களில உங்கட அப்பாவைப்போல ஆட்களை வார்ட்டில காணுறன். அதனாலதான் நீங்கள் சொன்னதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கு.

விழுகிறவர்கள் எல்லோரும் மழையில வெளியில போனவர்கள் இல்லை. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையில, இரவு இரண்டு மணிக்கு, வெளிச்சமில்லாமல் விழுந்தவர்கள் நிறையப்பேர். ஏன் விழுகினம்? நடக்காமல் இருக்க முதலில மெலியிறது தொடைத் தசை. கதிரையால எழும்பப் பிடிக்கிறதும், தடுக்குப்படேக்க மற்றக் காலை டக்கென்று முன்னுக்கு வைச்சு உடம்பைத் தாங்கிறதும் அந்தத் தசைதான். இளம் ஆள் இரண்டு கிழமை படுத்து எழும்பினால் கெதியாத் தேறிவிடுவார். 75 வயதில இழந்த தசையைத் திரும்ப எடுக்க மாசக்கணக்காகும். உப்புவெளி அக்கா மாசியில தொடங்கி ஆடி வரைக்கும் பட்டபாடு அதுதான். அப்பா விழுந்ததற்குக் காரணம் அந்தப் பாசிப்படி. நடையில பழி போடாதேங்கோ அண்ணா.

உலக சுகாதார நிறுவனம் 2020இல வெளியிட்ட வழிகாட்டலில 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ன சொல்லியிருக்கு என்று பாருங்கோ. கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான உடலசைவு. அதோட கிழமையில மூன்று நாளாவது சமநிலையும் தசைப்பலமும் சேர்ந்த பயிற்சி. இந்த இரண்டாவதைத்தான் எங்கட ஆட்கள் விட்டுவிடுகினம். "அம்மா நடக்கிறா தானே" என்று இருந்துவிடுவினம். விழாமல் காப்பாத்திறதில பெரிய பங்கு சமநிலைப் பயிற்சிக்கு.

மிதமான நடை என்றால் என்ன என்று கேட்பினம். நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. தேவாரம் பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கலாம். இரண்டு சொல் சொல்லவே மூச்சு வாங்கினால் குறைக்க வேணும்.

அக்கா, முதலில அம்மாவுக்கு ஒரு சோதனை செய்து பாருங்கோ. கதிரையில இருத்துங்கோ. கதிரையிலிருந்து சரியா 3 மீட்டரில நிலத்தில ஒரு கோடு போடுங்கோ. "எழும்பி, வழமையா நடக்கிற வேகத்தில கோடு வரைக்கும் போய், திரும்பி வந்து இருங்கோ" என்று சொல்லிப் போனில நேரம் பாருங்கோ. பக்கத்திலயே நில்லுங்கோ. 12 செக்கன் அல்லது அதற்கு மேல எடுத்தால் விழுகிற ஆபத்து இருக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியில நடக்கிறதுக்கு முன்னம் வீட்டுக்குள்ள காலைப் பலப்படுத்த வேணும்.

உப்புவெளி மகள் · ஒக்டோபர் 26

தம்பி, இன்றைக்குக் காலமை செய்து பார்த்தன். 16 செக்கன். திரும்பிற இடத்தில ஒரு தரம் சுவரைத் தேடிக் கை போனது. கடைக்குப் போய் வாறா தானே, நல்லாத்தான் இருக்கிறா என்று நினைச்சுக்கொண்டிருந்தன்.

பிசியோ தம்பி · ஒக்டோபர் 26, இரவு

திரும்பிற இடம் என்று சரியாக் கவனிச்சிருக்கிறீங்கள். நேரே நடக்கேக்க விழாத ஆள் திரும்பேக்க விழும். நின்ற இடத்திலேயே உடம்பை முறுக்கித் திரும்பிறதுதான் காரணம். வண்டில் திரும்பிற மாதிரி, நாலைந்து சின்ன அடி வைச்சு வளைஞ்சு திரும்பப் பழக்குங்கோ.

உங்கட விறாந்தை எவ்வளவு நீளம்? எங்கட வீட்டு விறாந்தை 24 அடி. ஒருக்கால் போய் வந்தால் 48 அடி, இருபது தரம் போய் வந்தால் 960 அடி. கிட்டத்தட்ட 300 மீட்டர். அம்மாவைக் காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் நடக்க விடுங்கோ. கால் விரிப்பு, வயர், பூச்சாடி ஒன்றும் வழியில இருக்கக் கூடாது. மழை இருட்டில பகலிலயும் லைற் போடுங்கோ. கரண்ட் பில்லைப் பார்க்காதேங்கோ.

நடைக்கு முன்னம் கதிரையால எழும்பி இருக்கிறது, கையூன்றாமல், எத்தனை முடியுமோ அத்தனை. ஐந்து முடிந்தால் ஐந்து. அடுத்த கிழமை ஆறு. பிறகு குசினி மேடையைப் பிடிச்சுக்கொண்டு குதியைத் தூக்கி நுனிக்காலில நிற்கிறது பத்துத்தரம். பிறகு மேடையை ஒரு விரலால மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில நிற்கிறது. அம்மா கறிக்கு வெங்காயம் வதங்கிற நேரத்தில இதைச் செய்து முடிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். சீனிக்குக் குளிசை எடுக்கிறவ வெறும் வயிற்றில நடக்கக் கூடாது. சில குளிசைக்குச் சீனி திடீரென்று இறங்கும், ஊசி போடுறவர்களுக்கு இன்னும் கூட. கையில ஒரு இனிப்பு இருக்கட்டும். பிரஷர்க் குளிசை எடுக்கிறவர்கள் படுக்கையால எழும்பின உடனே நடக்கக் கூடாது. கட்டில் ஓரத்தில ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு இருந்துவிட்டு எழும்ப வேணும். நடக்கேக்க நெஞ்சு இறுக்கம், இடது கை உளைவு, தலைச்சுற்று, வழமைக்கு மாறான இளைப்பு வந்தால் உடனே நின்று இருக்க வேணும். விடாவிட்டால் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசமா வரும்.

கிண்ணியா ராத்தா · ஒக்டோபர் 29

நான் கிண்ணியாவிலிருந்து எழுதுறன். எங்கட வாப்பாக்கு 71 வயது. எங்களுக்கு நடைக்கு அளவே கிண்ணியாப் பாலம்தான். 396 மீட்டர். போய் வந்தால் கிட்டத்தட்ட 800 மீட்டர். 2009இல பாலம் திறந்ததிலிருந்து வாப்பா அஸர் தொழுதுவிட்டு நேரே அங்கதான். மழைக்காலத்தில பாலத்துக்கு மேல காற்று அள்ளிக்கொண்டு போற மாதிரி அடிக்கும், அதனால நாங்கள் அவரை அங்க விடுகிறதில்ல.

வாப்பா வெளியில போக மாட்டன் என்று சொன்னதுக்கு நாங்கள் நினைச்ச காரணம் ஒன்று, உண்மையான காரணம் வேறொன்று. குளிருக்குப் பயம் என்று நினைச்சம். போன வருஷம் உம்மாட்டத்தான் சொல்லியிருக்காரு: குளிர் நாளையில அடிக்கடி சிறுநீர் வருது, வழியில வந்தால் என்ன செய்யிறது, வெட்கமா இருக்கு என்று. அதனால தண்ணி குடிக்கிறதையும் குறைச்சிருக்காரு. தண்ணி குறைய மலச்சிக்கல், தலைச்சுற்று. அதுக்கு மேல நடை இல்ல.

பிறகு வாப்பாட நடையைப் பள்ளிவாசலிலிருந்து பள்ளிவாசலுக்கு என்று மாற்றினம். எங்கட பள்ளியில தொழுதுவிட்டு அடுத்த பள்ளி வரைக்கும் நடப்பாரு. ஒவ்வொரு இடத்திலயும் பாத்ரூம் இருக்கு, ஒதுங்கக் கூரை இருக்கு, தெரிந்த முகம் இருக்கு. இப்ப தண்ணியும் குடிக்கிறாரு. ஆம்பிளையள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, நீங்கள்தான் பக்குவமாக் கேட்கணும். நீர்க்குளிசை எடுக்கிறவங்க என்றால், எத்தனை மணிக்கு எடுத்தால் நடைக்கு வசதி என்று கிளினிக்கில கேளுங்க. நீங்களாகக் குளிசையை நிற்பாட்டாதீங்க.

ஸ்காபுறோ மகன் · நவம்பர் 3

மட்டிக்களியில பிறந்தவன், இப்ப ரொறன்ரோவில. அம்மா எங்களோட இஞ்ச இருக்கிறா, 79 வயது. ஊரில 24 பாகைக்கே நாங்கள் ஸ்வெற்றர் தேடின ஆட்கள். இஞ்ச தை மாசத்தில சுழியத்துக்குக் கீழ 15 சர்வசாதாரணம். ஆனாலும் அம்மா நடக்கிறா. எப்படி என்று எழுதுறன், ஊரில இருக்கிறவர்களுக்கும் சிலது உதவும்.

பனி புதுசா விழுந்த நாள் பயமில்லை. பகல் உருகி இரவு திரும்ப உறைஞ்ச அடுத்த நாள்தான் பயம். நடைபாதை கறுப்பாத் தெரியும், ஈரம் என்று நினைச்சுக் கால் வைப்பீங்கள், அது கண்ணாடி மாதிரி ஐஸ். அந்த நாளில அம்மா வெளியில போறதில்ல. பக்கத்து மோலுக்குக் கொண்டுபோய் விடுவன். கடைகள் திறக்க முன்னமே மோல் கதவு திறந்துவிடும். எங்கட ஊர் அம்மாமார், சீன அம்மாமார், ஜமேக்கா அம்மாமார் எல்லாரும் சுற்றிச் சுற்றி நடக்கிறதைப் பார்க்க வேணும். இரண்டு சுற்றுக்குப் பிறகு கோப்பி.

இஞ்ச சொல்லிக் குடுக்கிறது பென்குயின் நடை: அடியைச் சின்னதா வைக்கிறது, பாதத்தைத் தட்டையா வைக்கிறது, பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கிறது, உடம்புப் பாரம் முன்காலுக்கு மேல இருக்கிறது, கையைப் பொக்கற்றுக்குள்ள போடாமல் வெளியில வைச்சிருக்கிறது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இது வயல் வரப்பில நடக்கிற நடைதானே" என்று சொன்னா. உண்மைதான். நனைஞ்ச வரப்பில நடந்து பழகின காலுக்கு இது புதுசில்லை.

சப்பாத்துத்தான் பெரிய விஷயம். ரொறன்ரோவில ஒரு ஆராய்ச்சி நிலையத்தில, ஐஸ் பிடிச்ச தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சரிச்சு அதில ஆட்களை நடக்க விட்டு, எந்தச் சப்பாத்து எத்தனை பாகை சரிவு வரைக்கும் பிடிக்குது என்று பார்க்கினம். 7 பாகை தாங்கினால் ஒரு பனிப்பூக் குறி. கடையில விலை கூடின சப்பாத்தெல்லாம் பிடிக்கும் என்று இல்லை. நாங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு எடுத்தது. சப்பாத்துக்கு மேல மாட்டிற இரும்புப் பல்லும் இருக்கு. அதோட மோலுக்குள்ள வந்தால் தரை ஓட்டில ஐஸை விட மோசமா வழுக்கும், வாசலிலேயே கழற்ற வேணும்.

ஊரில என்ன போட்டுக்கொண்டு நடக்கினம் என்று யோசிச்சுப் பாருங்கோ. அடி தேய்ஞ்ச றப்பர்ச் செருப்பு. அடியைத் திருப்பிப் பாருங்கோ, கோடு அழிஞ்சு மொழுமொழு என்று இருந்தால் எறிந்துவிடுங்கோ. குதிக்குப் பின்னால வார் இருக்கிற, அடி தடிச்ச சாண்டில்ஸ் வாங்கிக் குடுங்கோ. காசு அனுப்பிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லுறன், ரீவி வாங்கிக் குடுக்கிற காசில முதல் நல்ல சப்பாத்து வாங்கிக் குடுங்கோ.

கோட்டை வாசல் 77 · நவம்பர் 4

குடையைப் பற்றி ஒரு சொல். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் குடை என்றால் தடுக்கும்போது பிடிக்கக் கை இல்லை. காற்று அடித்தால் குடை ஆளை இழுக்கும். தாழ்த்திப் பிடித்தால் பாதை மறையும். மழைக்கோட்டே போடுங்கள். வெள்ளம் தேங்கிய இடத்தில் கால் வைக்காதீர்கள், அடியில் குழி இருப்பது தெரியாது. காலில் புண் உள்ளவர்கள் அந்த நீரை மிதித்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம், கீறியதே தெரியாது. நடந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, யாராவது ஒருவர் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். என் பாதத்தை என் பேத்தி பார்க்கிறாள். ஏழு வயது. டோர்ச் அடித்து மிகவும் பொறுப்பாகப் பார்ப்பாள்.

பாலையூற்று அண்ணன் · நவம்பர் 9

தம்பி எழுதினதை நாலைந்து தரம் வாசிச்சன். "அந்தப் பாசிப்படி" என்ற சொல் மனதை விட்டுப் போகேல்ல. அப்பா போனதிலிருந்து நான் அந்தக் கோவில் பக்கமே போறதில்ல. நேற்றுப் போனன். கால் கழுவிற இடம் அப்படியேதான் இருக்கு. பச்சைப் பாசி. பைப்பிலிருந்து ஒழுகிற தண்ணி முதல் படியில தேங்கி நிக்குது. பிடிக்க ஒரு கம்பி இல்லை. எனக்கு முன்னால ஒரு வயசுபோன அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தூணைக் கட்டிப்பிடிச்சு ஏறினவ.

வீட்டில எங்கட அம்மாவும் இருக்கிறா. அப்பா விழுந்த பிறகு அவவை நான் வெளியில விடுறதே இல்லை. 70 வயது. எங்கட வீட்டுச் சுவரையும் பார்த்தன் தங்கச்சி. கோடு இருக்கு.

உப்புவெளி மகள் · நவம்பர் 9, இரவு

அண்ணா.

பிசியோ தம்பி · நவம்பர் 10

பாலையூற்று அண்ணா, 70 நல்ல வயது. இன்றைக்கே கதிரைப் பயிற்சியைத் தொடங்குங்கோ. கோவிலில ஆட்களோட கதைச்சுப் பாருங்கோ. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்ச்சால் பாசி போகும். ஒரு கைப்பிடிக் கம்பிக்குப் பெரிய செலவில்லை.

இன்னொன்று எல்லோருக்கும். பத்தாயிரம் அடி நடக்க வேணும் என்று போனைப் பார்த்துக்கொண்டு அம்மா அப்பாவைக் கலைக்காதேங்கோ. அந்தக் கணக்கு மருத்துவ ஆய்விலயிருந்து வந்ததில்ல. 1965இல ஜப்பானில ஒரு கொம்பனி அடி எண்ணிற கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைச்சு வித்தது, அது அப்படியே நிலைச்சிட்டு. 2019இல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில, சராசரி வயது 72 ஆன 16,000க்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்தவர்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோட ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிலேயே இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவு. 7,500க்கு மேல போக அந்தப் பலன் கூடேல்ல. உங்கட அம்மா இன்றைக்கு ஆயிரம் அடி என்றால் அடுத்த மாசம் ஆயிரத்து ஐந்நூறு. அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டை · நவம்பர் 18

கன்னியா வெந்நீரில குளிச்சால் முழங்கால் நோ போகும், நடக்கத் தேவையில்லை என்று எங்கட பெரியப்பா சொல்லுறார். ஏழு கிணற்றிலயும் மாறி மாறி ஊற்றுறார். சரியா?

பிசியோ தம்பி · நவம்பர் 18

சூட்டுக்கு இறுக்கம் குறையும், நோவும் கொஞ்சம் அடங்கும். அந்த நேரம் பார்த்து நடந்தால் நல்லது. குளிச்சது மட்டும் என்றால் தசை வளராது. அங்க தரையும் ஈரம்தான், கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ.

உப்புவெளி மகள் · நவம்பர் 27

ஒரு மாசம் ஆகுது, சொல்லக் கொஞ்சம் இருக்கு.

முதல் கிழமை நான் எண்ணினன், அம்மா நடந்தா. எனக்கும் சலிச்சுது, அவவுக்கும் சலிச்சுது. "என்னை மாட்டைச் செக்கில கட்டின மாதிரிக் கட்டிப்போட்டாய்" என்று ஒரு நாள் கோவிச்சுக்கொண்டு போய்ப் படுத்திட்டா. இரண்டு நாள் நடக்கேல்ல.

மூன்றாம் நாள் பார்த்தால், விறாந்தையின்ர ஒரு முனையில ஸ்ரூல், அதில ஒரு சின்னக் கிண்ணம். மற்ற முனையில இன்னொரு ஸ்ரூல், இன்னொரு கிண்ணம். முதல் கிண்ணத்தில இருபது புளியங்கொட்டை. புளி கரைச்சதில எடுத்துக் கழுவிக் காய வைச்சிருக்கிறா. ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்து போய் மற்றக் கிண்ணத்தில போடுறா, திரும்பி வந்து அடுத்ததை எடுக்கிறா. கொட்டை விழுகிற சத்தம் எனக்குக் குசினிக்குள்ள கேட்கும். பிள்ளையார் கதை விரதம் தொடங்கினதிலிருந்து பக்கத்து வீட்டு மாமியும் வாறா. இரண்டு பேரும் எதிரும் புதிருமா நடக்கினம். ஒரு முனையில இவ, மறு முனையில அவ, நடுவில சந்திக்கேக்க ஒரு கதை. இப்ப முப்பது கொட்டை.

நான் சொல்லி நடந்ததற்கும் அவவே கொட்டை எண்ணி நடக்கிறதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால காணுறன். எங்கட அம்மாமாருக்கு "உடற்பயிற்சி" என்று சொன்னால் அது வருத்தக்காரருக்கு உரியது. போக ஒரு இடம் வேணும், எண்ண ஒன்று வேணும், கதைக்க ஒரு ஆள் வேணும்.

நேற்று 3 மீட்டர்ச் சோதனை 13 செக்கன்.

கோட்டை வாசல் 77 · நவம்பர் 28

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். என் தாயாரும் புளியங்கொட்டை வைத்துத்தான் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்.

1964 மார்கழிச் சூறாவளி எனக்கு நல்ல நினைவு. 22ஆம் திகதி இரவு. விடிந்து பார்த்தால் தெருவில் மரம் கிடந்த கிடை, நடக்க வழியில்லை. என் பாட்டியார் அந்த மரங்களுக்கு மேலால் ஏறி இறங்கிச் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து வந்தார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கிணற்றில் தண்ணீர் அள்ளியவர், அம்மியில் அரைத்தவர், குந்தி இருந்து எழும்பியவர். குழாயும் கதிரையும் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெண்களின் முதுகு தப்பியது. ஆனால் நாளொன்றுக்கு ஐம்பது முறை குந்தி எழும்பியதும் சேர்ந்து போய்விட்டது. அதை நாங்கள் வேறு எங்காவது திரும்ப வைத்துத்தான் ஆக வேண்டும்.

பாலையூற்று அண்ணன் · டிசம்பர் 30

கோவில் விஷயம். நிர்வாகத்தில கதைச்சன். முதலில "பார்ப்பம்" என்றார்கள். அப்பாவின்ர பெயரைச் சொன்னதும் ஒருவர் எழும்பி என்ர கையைப் பிடிச்சார், அவரும் அன்றைக்கு அங்க நின்றவராம். திருவெம்பாவைக்கு முன்னம் பெடியங்கள் எட்டுப்பேர் வந்து படியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்ச்சுக் குடுத்தாங்கள். முதல் படிக்குப் பக்கத்தில ஒரு குழாய்க் கம்பி பதிச்சிருக்கு. கால் துடைக்கச் சாக்கு, நனைஞ்சால் மாற்ற இன்னொரு சாக்கு.

உள்வீதி முழுக்கக் கூரை. மழை எவ்வளவு பெய்தாலும் நனையாது. ஈரக்கால் படுகிற வாசல் மூலை மட்டும் கவனம். பின்னேரம் 4.30க்குக் கோவில் கதவு திறந்தவுடன் ஆட்கள் குறைவு, அந்த நேரம் வயசுபோனவர்கள் சுற்றலாம் என்று சொல்லியிருக்கினம்.

திருவெம்பாவை விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்டதும் அம்மா எழும்பி இருந்தா. நான் வழமைபோல "படுங்கோ அம்மா, குளிர்" என்று சொல்ல வாயெடுத்தன். சொல்லேல்ல. டோர்ச்சை எடுத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில அவ ஒரு நிமிஷம் இருக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றன். ஸ்வெற்றர், தலைக்குத் துவாய், பின்வார் சாண்டில்ஸ். கோவிலுக்கு 200 மீட்டர்தான். வழியில மூன்று இடத்தில நின்றா. அந்தப் படியில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றா. அப்பாவை நினைச்சிருப்பா. பிறகு ஏறினா.

உள்வீதி மூன்று சுற்று.

ஸ்காபுறோ மகன் · டிசம்பர் 30

அண்ணா, இஞ்ச சுழியத்துக்குக் கீழ 11. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அந்தக் கோவில் எது என்று அவவுக்கு விளங்கிட்டு. கம்பி எந்தப் பக்கம் என்று கேட்கிறா, இடமா வலமா?

பாலையூற்று அண்ணன் · டிசம்பர் 30

ஏறேக்க வலப்பக்கம். இடப்பக்கமும் போடச் சொல்லியிருக்கு, பாரிசவாதம் வந்தவர்களுக்கு மற்றக் கை வேணும் என்று தம்பி சொன்னவர்.

உப்புவெளி மகள் · ஜனவரி 19

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சம். ஹோல் சுவரை அடிக்க முன்னம் அம்மாவைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினன். கிட்டப் போய்க் கையை வைச்சுப் பார்த்தா. "இதென்ன, இவ்வளவு கீழயா பிடிச்சு நடந்தனான், கூனிப் போனன் என்ன" என்று மட்டும் சொன்னா.

3 மீட்டர் 11 செக்கன். மழை இன்னும் முற்றா விடேல்ல, நேற்றும் பெய்தது. ஆனால் காலமை ஒரு இடைவெளி விட்டது. நான் பாத்ரூமில நின்றபடியால் காணேல்ல. வெளியில வந்து பார்த்தால் விறாந்தைக் கிண்ணத்தில கொட்டை அப்படியே இருக்கு, வாசலில சாண்டில்ஸ் இல்லை, மழைக்கோட்டு இல்லை. நெஞ்சு திக்கென்றது. கேற்றடிக்கு ஓடினன்.

சந்திப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தா. மாமி பக்கத்தில. வெள்ளம் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு, சின்னச் சின்ன அடியா. கையில பாண்.